சாம்பிராணியில் பிறந்த பென்சீன்

டுடோரியலில் வேதியியல் நடத்துவது என்றால், நம் வாயிலேயே நுழையாத பெயர்களை அடுத்தவர் வாயில் நுழைப்பது. பட்டவர்களுக்குத் தெரியும்.

தொண்ணூறுகளில், திருவண்ணாமலையில் ப்ளஸ் டூ தவறியவர்களுக்கான ஒரு டுடோரியலில் வேதியியல் டீச்சராகச் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான். ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலை நிரந்தரம் என்றார் முதலாளி. அப்பாவோ முதல் நாளே ஊரெல்லாம் "எம்பொண்ணு டீச்சர்" என்று சொல்லி முடித்திருந்தார். மாணவர்களில் பாதிப் பேர் என்னைவிட மூத்தவர்கள். பெயர் எப்படி வந்தது என்று சொன்னால் மூலக்கூறும் மனதில் நிற்கும் என்று நம்பினேன்.

பென்சீன்

சாம்பிராணிப் பிசினுக்கு ஆங்கிலத்தில் பென்சாயின் என்று பெயர். அதிலிருந்து எடுத்த அமிலத்தைச் சுண்ணாம்போடு சூடாக்கியபோது கிடைத்த திரவம்தான் பென்சீன் என்றேன். கோயில் பக்கம் பூஜைச் சாமான் கடை வைத்திருந்த மஞ்சுளா மறுநாள் ஒரு பொட்டலத்தை மேஜையில் வைத்தாள். நான் ஆசையாகப் பிரித்தேன். அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "இதுல மரத்தூள்தான் ஜாஸ்தி மிஸ். எங்க கடைய நம்பி பரீட்சையில எழுதச் சொல்லிடாதீங்க."

அம்மோனியா

எகிப்துப் பக்கம் அம்மோன் என்றொரு சாமி. அந்தக் கோயிலருகே கிடைத்த உப்புக்குச் சாமி பெயரையே வைத்தார்கள், அம்மோனியா அதிலிருந்து வந்தது என்றேன். கோயில் என்றதும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. அடி அண்ணாமலையில் டீக்கடை நடத்தும் குப்பன் எழுந்தார். "பௌர்ணமி கிரிவலத்துக்கு மறுநாள் எங்க கடைக்குப் பின்னாடி மூக்கைப் பொத்திக்கிட்டு வந்து பாருங்க மிஸ். சுவரு முழுக்க அந்தச் சாமிதான்."

மெர்

பாலிமரில் 'பாலி' என்றால் பல. 'மெர்' எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லப் பயந்து, "சங்கிலி" என்று அடித்துவிட்டேன். ஆட்டோ ஓட்டும் சேகர் உடனே கேட்டார்: "அப்ப ஐசோமர்ல எங்க மிஸ் சங்கிலி?" நாளைக்குச் சொல்கிறேன் என்று நழுவினேன்.

சாயங்காலம் நூலகத்தில் அகராதியைப் புரட்டினேன். மெர் என்றால் பங்கு. பாலிமர், பல பங்கு. ஐசோமர், சம பங்கு: அதே அணுக்கள், அடுக்கியிருக்கும் விதம்தான் வேறு.

மறுநாளோடு என் ஒரு மாதம் முடிகிறது. முதலாளி கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டார். சத்தமில்லாமல் அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம். ஆனால் நாற்பது நோட்டில் சங்கிலி என்று எழுதியிருக்கிறது. "நேத்து நான் சொன்னது தப்பு. தெரியாம சொல்லிட்டேன், அடிச்சிடுங்க" என்றேன். பலகையில் 'மெர் = பங்கு' என்று எழுதினேன்.

சேகர்தான் முதலில் பேசினார். "ரெண்டு வாட்டி ஃபெயிலாயிட்டேன் மிஸ். தப்பு தன் பேர்லன்னு சொன்ன முதல் வாத்தியார் நீங்கதான்."

முதலாளி எழுந்து வாசல்வரை போய்த் திரும்பினார். "திங்கக்கிழமையிலேர்ந்து காலை வகுப்பும் நீயே பாத்துக்கம்மா. ஆனா, எதையும் புஸ்தகத்துல பாத்துட்டு வந்து சொல்லு."

முதல் மாதச் சம்பளத்தில் சொந்தமாக ஓர் அகராதி வாங்கினேன். அன்றிலிருந்து எனக்குத் தெரியாதவை ஜாஸ்தியானதே தவிர கம்மியாகவில்லை.