பிளாஸ்டிக் பீப்பாயில் மாட்டிய கிளிப்

பெயிண்ட் தொழிற்சாலையில் அவரை 'எர்த்து' என்றுதான் கூப்பிடுவார்கள். தின்னர் நிரப்பும் ஒவ்வொரு பீப்பாயிலும் எர்த் கம்பியின் கிளிப்பை மாட்டுவது அவர் வேலை. குழாயில் ஓடிவரும் தின்னர் மின்னூட்டத்தையும் சுமந்துகொண்டு வரும். ஒரு பொறி போதும், கூடமே சாம்பல். இரும்புப் பீப்பாய் என்றால் கவலையில்லை. அதன் உடம்பு முழுக்க ஒரே மின்னழுத்தம். ஓரிடத்தில் கிளிப் கடித்தால் மொத்தமும் மண்ணுக்கு இறங்கிவிடும். பத்தொன்பது வருடம் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு மாட்டினார்.

குழாயடியில் நிற்பவன் அவர் மனைவியின் தம்பி. ஒவ்வொரு தடவையும் கேட்பான்.

"மாமா, கிளிப் போட்டாச்சா?"

"போட்டாச்சுடா, தொற."

"அக்காவையே உங்கள நம்பிக் குடுத்துட்டோம், இந்தக் குழாயத் தொறக்க மாட்டேனா" என்று சிரிப்பான்.

ஒருநாள் இரும்புப் பீப்பாய்கள் தீர்ந்துவிட்டன. எந்தப் புண்ணியவானோ பிளாஸ்டிக் பீப்பாயை அனுப்பிவைத்தான். கைப்பழக்கத்தில் அதன் கைப்பிடியிலேயே கிளிப்பை மாட்டிவிட்டார். பிளாஸ்டிக்கில் மின்னூட்டம் விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். கிளிப் அங்கே வெறும் அலங்காரம். படித்துப் படித்துச் சொல்லித்தான் இருந்தார்கள். பீப்பாய் கழுத்துவரை நிரம்பியபோது பொறி கிளம்பியது. மைத்துனன் பிழைக்கவில்லை.

உருகிய பிளாஸ்டிக்கில் கிளிப் ஒட்டிக் கிடந்தது. 'கிளிப் மாட்டப்பட்டிருந்தது, யார்மீதும் தவறில்லை' என்று எழுதி விசாரணையை மூடினார்கள். எழுதியவர்களுக்கு உண்மை தெரியாதா என்ன? மனைவி அந்தத் தாளை நம்பினாள். அவர் வாயே திறக்கவில்லை.

ஆனால் நைலான் சட்டையைக் கழற்றும்போது படபடவென்று பொரிந்தால் பாதி கழற்றியபடியே நின்றுவிடுவார். குளியலறைப் பிளாஸ்டிக் பீப்பாயில் தண்ணீர் விழுந்தால், "மாமா, கிளிப் போட்டாச்சா?" என்று அதே குரல் கேட்கும்.

ஒரு காலையில் மனைவி பார்த்துவிட்டாள். துணி காயப்போடும் கிளிப்பைப் பீப்பாயின் விளிம்பில் மாட்டிவிட்டு, "போட்டாச்சுடா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"யார்கிட்டங்க பேசறீங்க?"

இனி மறைக்க அவருக்குத் தெம்பில்லை. எல்லாவற்றையும் சொன்னார். அவள் குழாயை மூடினாள்.

"அன்னைக்கும் கேட்டானா?"

"கேட்டான்."

"நீங்க?"

"போட்டாச்சுடா, தொறன்னேன்."

"அப்ப பயப்படாமத்தான் தொறந்திருக்கான்" என்றாள்.

அதன் பிறகு அந்த வீட்டில் அவரிடம் எதையாவது கேட்பவன் அவன் ஒருவன்தான்.