ஆந்தை தலையாட்டினால்

கதிரையைச் சுவர்ப் பக்கம் இழுத்து, கணினித் திரையைக் கால்வாசி திருப்பி, அதற்கு நேரே முகம் கொடுக்காமல் பக்கவாட்டில் உட்கார்ந்துகொள்வார் பெனடிக்ற். பிறகு சட்டைப் பையைத் தொட்டு அடையாள அட்டை இருக்கிறதா என்று பார்ப்பார். இருக்கும். சிலுவை போடுவார். மறுபடியும் பையைத் தொடுவார். கடவுளையும் அடையாள அட்டையையும் ஒருசேர நம்புகிறவர். எதை ஒரு பிடி கூடுதலாக நம்புகிறார் என்று கேட்டு மனிதரைச் சங்கடப்படுத்தக் கூடாது.

ஒரு பல்கலைக்கழகம் தன் வெளிவாரி மாணவர்களுக்காக மன்னார் நகரில் நடத்தும் படிப்பு நிலையம் அது. சனிக்கிழமைகளில் வகுப்பு. மற்ற மாணவர்களுக்கு மீசை அரும்பிக்கொண்டிருக்க, பெனடிக்றுக்கு அது நரைத்துக்கொண்டிருக்கிறது. பள்ளிமுனைக்காரர், கிழமை நாட்களில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞர். பாண் கடையில் வரிசை நின்றால் பின்னால் வருகிற எல்லாரையும் முன்னுக்கு விட்டுவிட்டு, வரிசை கலைந்த பின் பாணில்லாமல் வீடு திரும்புகிறவர். அவரது மரியாதையைக் கண்டு ஊரே மெச்சுகிறது. மனைவி திரேசம்மா மட்டும் மெச்சுவதில்லை.

பட்டம் வந்தால் பதவி உயர்வு வரும். ஆங்கில வாசிப்புப் பாடத்தில் தேறினால்தான் பட்டம் வரும். இரண்டு முறை தவறிவிட்டார். மூன்றாம் முறையும் தவறினால் பெயரை வெட்டிவிடுவார்கள்; மறுபேச்சுக்கு இடமில்லை.

பாடத்தை நடத்துவது ஒரு மென்பொருள். திரையில் ஒரு பந்தி ஆங்கிலம் வரும். வாசித்து முடித்தால் கீழே ஒரு கேள்வி, நாலு விடை. ஒன்றை அமத்தியதும், மூலையில் கண்ணாடி போட்டுக்கொண்டு குந்தியிருக்கும் ஓர் ஆந்தை விழித்துக்கொள்ளும். விடை சரியென்றால் தலையை மேலும் கீழும் ஆட்டும். பிழையென்றால் இடமும் வலமும். இதைச் செய்தவர்கள் தூரதேசத்தார். அங்கே ஆந்தை அறிவுக்கு அடையாளமாம். இங்கே கூரையில் வந்து குந்தினால் கல்லெறிந்து கலைப்போம் என்ற தகவல் அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை.

ஆகவே பெனடிக்ற் ஆந்தைக்குப் பயப்படுகிறார் என்று வகுப்பு முடிவு கட்டியிருந்தது. பக்கத்துக் கதிரைப் பவ்ஸானுக்கு அதைச் சொல்லிக் கேலி செய்வதே முழுநேரத் தொழில்.

"பயப்படாதீங்க அண்ணன், அது கோழிக்குஞ்சுதான் தூக்கும். உங்கட சைஸுக்கு ஏலாது."

"நான் ஆந்தைக்குப் பயப்பிடேல்லத் தம்பி."

"அப்ப ஏன் வேர்க்குது? ஏசி இந்தக் குளிர் குளிருது."

"உடம்புச் சூடு."

"அப்ப ஆந்தைக்கும் ஒரு இளநி வெட்டுவம். அதுக்கும் கண்ணெல்லாம் சிவந்து கிடக்கு."

இத்தனைக்கும் ஆங்கிலம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. புது இஞ்சின் வாங்கிய வள்ளக்காரர்கள் அதன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குத்தான் வருவார்கள். எந்த ஆணியை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதை அவர் வாசித்து வாசித்துச் சொல்வார். திரேசம்மா தேத்தண்ணீர் ஊற்றி ஊற்றிக் களைப்பார். அந்த இஞ்சின்களெல்லாம் இன்றும் ஓடுகின்றன. சனிக்கிழமை வந்து ஆந்தைக்கு முன் உட்கார்ந்தால் மட்டும் பூச்சியம். சென்ற மாதமும் பூச்சியம்.

அந்தப் பூச்சியந்தான் ஸம்ஸியாவின் நித்திரையைக் கெடுத்தது. முசலிக் கரையிலிருந்து பஸ் ஏறி வந்து இந்த வகுப்பை நடத்தும் இளம் போதனாசிரியை. ஒருநாள் எல்லாரும் போன பின் பெனடிக்றை மறித்தார்.

"அண்ணன், ஒண்டு கேக்கட்டா? கோவிக்க மாட்டீங்களே?"

"கேளுங்கோ மிஸ்."

"கண்ணை மூடிட்டு அமத்தினாலும் நாலுல ஒண்டு சரி வரும். பவ்ஸான் அப்பிடித்தான் காலம் தள்ளுறான். உங்களுக்கு மட்டும் ஒண்டுமே சரி வருதில்ல. எல்லாத்தையும் பிழையாக்கிறதெண்டா, எல்லாம் தெரிஞ்சிருக்கணும்."

பெனடிக்ற் வாசலைப் பார்த்தார். வாசல் திறந்துதான் இருந்தது. அதற்குப் பிறகுதான் வாய் திறந்தார்.

பத்தொன்பது வயதில் ஓர் இராணுவச் சுற்றிவளைப்பு. ஆண்களையெல்லாம் மைதானத்தில் வரிசையாக விட்டார்கள். வரிசையின் முடிவில் ஒரு ஜீப். அதற்குள் தலையில் சாக்குப் போட்ட ஓர் ஆள். சாக்கில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக அதன் முன்னால் நிற்க வேண்டும். சாக்கு இடமும் வலமும் அசைந்தால் வீட்டுக்குப் போகலாம். மேலும் கீழும் அசைந்தால் வரிசையை விட்டு ஓர் அடி வெளியே வந்து நிற்க வேண்டும், கொண்டுபோய்விடுவார்கள். இவருக்கு முன்னால் நின்றவன் கிறகரி, ஒன்றாகப் பந்தடித்தவன். கிறகரிக்குச் சாக்கு மேலும் கீழும் அசைந்தது. இவருக்கு இடமும் வலமும். இவர் வீட்டுக்கு வந்தார். கிறகரி இன்னும் வரவில்லை.

"சரியான விடை எதெண்டு தெரியும் மிஸ். கை அங்க போகுதில்ல. பிழையை அமத்தினா, இல்லை எண்டு ஆட்டுது. அப்பதான் எனக்கு மூச்சு வருது."

"அது வெறும் படம் அண்ணன்."

"ஓம், எனக்குத் தெரியும். வயித்துக்குத்தான் தெரியேல்ல."

ஸம்ஸியா அன்றே ஆந்தையை ஒழிக்க இறங்கினார். மென்பொருளில் அதற்கு வழியும் இருந்தது: ஆந்தைக்குப் பதில் கரடியை வைக்கலாம், கிளியை வைக்கலாம், முயலையும் வைக்கலாம். வைத்துப் பார்த்தார். சகல ஜீவராசிகளும் தலையாட்டின. தலைமை நிலையத்துக்கு எழுதினார். ஆந்தை மாணவரை ஊக்குவிக்கிறது என்றும், மாணவர் ஊக்கமடைகிறாரா என்பதைப் போதனாசிரியை உறுதிப்படுத்த வேண்டும் என்றும் பதில் வந்தது. கடைசியில் கைப்பையிலிருந்து காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்ரரை எடுத்து, திரையின் மூலையில் ஒட்டினார்.

"ஆந்தைக்கு ஒப்பரேசனா மிஸ்?" என்றான் பவ்ஸான்.

அன்றிலிருந்து பெனடிக்றின் விடைகள் சரிவரத் தொடங்கின. பிளாஸ்ரருக்குப் பின்னால் அது என்ன செய்கிறது என்று அவர் விசாரிக்கவில்லை. வியர்வை மட்டும் நிற்கவில்லை. மூடியிருப்பது எதுவென்று தெரிந்தவருக்கு மூடியும் ஒரு சாக்குத்தானே.

பரீட்சையன்று தலைமை நிலையத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். திரைகளை ஒவ்வொன்றாகப் பார்வையிட்டு, பெனடிக்றின் மூலையில் நின்று, நகத்தால் பிளாஸ்ரரைச் சுரண்டி எடுத்தார். "திரையில் எதையும் ஒட்டக் கூடாது. விதி." ஸம்ஸியா ஏதோ சொல்ல வாயெடுத்தார். போதனாசிரியர் பரீட்சை மண்டபத்தில் பேசக் கூடாது என்பதும் விதியாம்.

ஆந்தை கண்ணாடிக்குள்ளால் பெனடிக்றைப் பார்த்தது.

முதல் பந்தி தேனீக்களைப் பற்றியது. ஒரே மூச்சில் விளங்கிவிட்டது, விளங்கியதுதான் வினை. கை தானாகப் பிழையான விடைக்கு நகர்ந்தது. அதை இழுத்துப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டு அமத்தலாமா என்று பார்த்தார். மூடிய கண்ணுக்குள் சாக்கு வந்து நின்றது. திறந்தார். ஆந்தை தேவலை.

சரியானதை அமத்தினார்.

ஆந்தை மேலும் கீழும் ஆட்டியது. காத்திருந்தார். வெளியே ஒரு வாகனம் உறுமிக்கொண்டு வந்து, பாண் விற்கிறவனின் பாட்டைப் போட்டுக்கொண்டு கடந்து போனது. அடுத்த பந்தி வந்தது. அதையும் சரியாக அமத்தினார். ஒவ்வொரு ஆட்டலும் தன் பெயருக்குக் கீழே போய்ச் சேர்கிறது என்று தோன்றியது. சேரச் சேர நாக்கு உலர்ந்தது. சேர்ட் முதுகோடு ஒட்டியது. ஒரு கை சுட்டியிலும் மறுகை சட்டைப் பையிலுமாக, பரீட்சையையும் சோதனைச் சாவடியையும் ஒன்றாகக் கடந்துகொண்டிருந்தார். சுவரோரம் நின்ற ஸம்ஸியா தன் விரல் நகம் ஒன்றை முழுதாகக் கடித்து முடித்திருந்தார்.

கடைசிக் கேள்வி. அமத்தினார்.

தேறியவர்களுக்கென்று மென்பொருளில் ஒரு கொண்டாட்டம் வைத்திருந்தார்கள். திரை முழுக்கக் கலர்க் கடதாசி கொட்டியது. ஆந்தை மூலையை விட்டு நடுவுக்கு வந்து, பெரிதாகி, நிறுத்தாமல் தலையாட்டியது. மேலும் கீழும், மேலும் கீழும்.

"அண்ணன், பாஸ்!" பவ்ஸான் எட்டிப் பார்த்து, குலுக்குவதற்குக் கையை நீட்டினான். "ஆந்தையே வாழ்த்துது பாருங்க!"

பெனடிக்ற் கதிரையைப் பின்னால் தள்ளினார். எழுந்தார். வரிசையை விட்டு ஓர் அடி வெளியே வந்து நின்றார். இடக் கையிலிருந்த மணிக்கூட்டைக் கழற்றி, பவ்ஸானின் நீட்டிய உள்ளங்கையில் வைத்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாக அதன் மேல் மடித்துவிட்டார்.

"திரேசம்மாட்ட குடுத்திடு, தம்பி."