அம்பு பட்ட பிள்ளைகள்

மகன் மோட்டார் சைக்கிள் விபத்தில் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. மனைவியை ஜார்ஜ் டவுன் கிளினிக்கில் காட்டிவிட்டு பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தோம். குடைக்கு அடங்காத மழை பிடித்துக்கொண்டது. எதிரே தெரிந்த அருங்காட்சியகத்துக்குள் ஒதுங்கினோம்.

உள்ளே ஐரோப்பாவின் பழைய அச்சுப்படங்களை மாட்டியிருந்தார்கள். செப்புத் தகட்டில் கோடு கோடாகக் கீறி, மை தடவி, காகிதத்தில் ஒற்றியெடுத்தவை. எல்லாம் அந்த ஊர்ப் புராணக் கதைகள். நான் எதையும் நின்று பார்க்கவில்லை. அவள் ஒரு படத்தின் முன் நின்றுவிட்டாள்.

மேகத்திலிருந்து இரண்டு தெய்வங்கள் அம்பு விடுகின்றன. கீழே பிள்ளைகள் விழுந்து கிடக்கிறார்கள். தாய் கடைசிப் பெண்ணைத் தன் ஆடைக்குள் மறைத்தபடி மேலே பார்க்கிறாள்.

"கண்ணாடி எடுத்து வரல. என்னாங்க எழுதியிருக்கு?"

மலாய்க் குறிப்பைப் படித்தேன். அந்தத் தாய் தன் பிள்ளைகளைப் பற்றிப் பெருமை பேசினாளாம். அதற்காகத் தெய்வங்கள் அவர்களைக் கொன்றுவிட்டனவாம்.

"ஏதோ சண்டையாம்" என்றேன்.

அவள் நம்பவில்லை. காவலுக்கு உட்கார்ந்திருந்த மலாய்ப் பெண்ணிடம் போய்க் கேட்டாள். "சொம்போங், மக்சிக்" என்று அத்தை முறை வைத்துச் சொன்னாள் அந்தப் பெண். சொம்போங் என்றால் கர்வம். முழுக் கதையையும் சொல்லிவிட்டாள்.

மனைவி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"யுனிவர்சிட்டி கெடச்சப்போ தண்ணீர்மலை கோயில்ல நானும் அப்படித்தானே பேசினேன்? எம்புள்ள மாதிரி யாருக்கு இருக்குன்னு அத்தன பேர்கிட்ட சொன்னேனே. என் வாய்தாங்க அவன கொண்டு போயிருச்சு."

"அது வெறும் கதை லா."

"பின்ன எதுக்குப் போனான்?"

எனக்குத் தெரியும். விபத்துக்கு முந்தின வாரம், "அப்பா, மோட்டார் பிரேக் சரியா பிடிக்கல. எனக்குப் பரீட்சை இருக்கு, பட்டறையில காட்டுறீங்களா?" என்று கேட்டான். சரி என்றேன். மறந்துபோனேன். போலீஸ்காரர் பிரேக்கைப் பற்றிச் சொன்னதையும் அவளிடமிருந்து மறைத்தேன்.

அவள் தன் வாயில் அடித்துக்கொண்டாள். இரண்டாவது அடிக்குக் கை ஓங்கியபோது பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"ஏழு மாசமா தெரியுமா?"

"தெரியும்."

"நான் தெனம் என்னையே திட்டிக்கிட்டு அழுதேன். பக்கத்துலதானே இருந்தீங்க?"

எழுந்து வாசலுக்கு நடந்தாள்.

பஸ்ஸில் முன்னால் போய்த் தனியாக உட்கார்ந்தாள். வீட்டருகே ஜெலுத்தோங்கில் இறங்கி, நான் குடையை விரிப்பதற்குள் நடந்துவிட்டாள்.

இப்போதும் சாப்பாடு போடுகிறாள். மருந்து சாப்பிட்டாயிற்றா என்றுகூடக் கேட்கிறாள். மகனைப் பற்றித் தன் அக்காவிடம் போனில் மட்டும்தான் பேசுகிறாள். நான் வருவது தெரிந்தால் நிறுத்திவிடுகிறாள்.