மகளுக்கு நான் வைத்த ரியூசன்

மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வருடம் நான் பார்த்த ஒரு மடவேலையைச் சொல்லவேண்டும். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

அவள் ஏழாம் மாதத்தில் பிறந்தவள். இடது கை சொன்ன பேச்சுக் கேட்காது. சத்தம் கூடினால் எழும்பி ஓடிவிடுவாள்; வாசலா, தெருவா என்றெல்லாம் பார்க்கமாட்டாள். ஜெர்மனியில், டோர்ட்மண்டில் எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் தொடக்கப் பள்ளி இருக்கிறது. கின்டர்கார்டனில் அவளோடு விளையாடிய பிள்ளைகள் எல்லோரும் அங்கேதான் போகவிருந்தார்கள். தலைமை ஆசிரியை எங்களை இருத்தி வைத்து நேராகவே சொன்னார்: "சந்தோஷமாகச் சேர்த்துக்கொள்வோம். ஆனால் பக்கத்தில் இருந்து கவனிக்க ஒரு துணையாள் வேண்டும். அது கிடைக்காவிட்டால் எங்களால் சமாளிக்க முடியாது." கிடைக்காவிட்டால் ஊரின் மற்ற மூலையில் இருக்கும் சிறப்புப் பள்ளிக்கு வான் வண்டியில் போகவேண்டும். நல்ல பள்ளிதான், குறை சொல்வதற்கில்லை. அவளுடைய சிநேகிதிகள் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

துணையாளுக்கு அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், நிரப்பிக் கொடுத்தோம். பிள்ளையைப் பரிசோதிக்கவேண்டும் என்று சுகாதார அலுவலகத்து டொக்டரிடமிருந்து நாளும் நேரமும் குறித்து டெர்மின் வந்தது.

சோதனை என்று கேள்விப்பட்டால் போதும், எனக்குள் ஏதோ முறுக்கேறிவிடும். இலங்கையில் ஐந்தாம் வகுப்பு ஸ்கொலர்ஷிப் சோதனைக்கு இரண்டு வருடம் ரியூசன் வகுப்புக்குப் போனவள் நான். மூன்று வாரம் மகளை விடவில்லை. குளிர் ஜாக்கெட்டின் சிப்பைப் பூட்டப் பழக்கினேன். நிறங்கள், இருபதுவரை எண்ணுவது, பத்து நிமிடம் கதிரையில் அசையாமல் இருப்பது, எல்லாவற்றுக்கும் தினமும் பயிற்சி. சரியாகச் செய்தால் ஒரு சொக்லேட்.

"பிள்ளையைப் போட்டு வதைக்காதையும்" என்றார் கணவர்.

"உங்களுக்கு ஒண்டும் விளங்காது. சும்மா இருங்கோ" என்றேன்.

டொக்டரின் அறை அமைதியாக இருந்தது. அவர் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க மகள் ஒவ்வொன்றாகச் செய்தாள். சிப் ஒரே இழுவையில் பூட்டுப்பட்டது. எண்ணிக்கை இருபதையும் தாண்டிப் போனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. டொக்டர் பேனையைக் கீழே வைத்தார்.

"நல்ல கெட்டிக்காரி. இவ்வளவு செய்கிற பிள்ளைக்குத் துணையாள் எதற்கு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

இனி நான்தான் வாய் திறக்கவேண்டும். ஆறு வருடமாகக் கோயிலிலும் பிறந்தநாள் வீடுகளிலும் "எல்லாம் கொஞ்சம் பிந்தித்தான் செய்வா" என்று சொல்லிச் சமாளித்து வந்தவள் நான். அவளால் முடியாததை ஒருநாளும் வரிசையாகச் சொன்னதில்லை. அதுவும் அவள் பக்கத்தில் இருந்து காலை ஆட்டிக்கொண்டிருக்கும்போது எப்படிச் சொல்வது? "நான் பழக்கிக் கொண்டுவந்தேன். மூன்று வாரம்" என்று மட்டும் சொன்னேன்.

டொக்டர் சிரிக்கவில்லை. மகளின் பக்கம் திரும்பினார். "பள்ளிக்கூடத்தில் உனக்கு எது கஷ்டமாக இருக்கும்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு தன்னுடைய ஜெர்மன் மொழியில் சொன்னாள்:

"சிப். சொக்லேட் தந்தால் பூட்டுவேன், பிறகு கை நோகும். டொய்லெட்டில் காற்சட்டையை மேலே இழுக்க முடியாது. சத்தம் வந்தால் கால் ஓடிவிடும். நில் என்று சொன்னாலும் நிற்காது." மூச்சு விட்டுவிட்டு, தட்டில் இருந்த விளையாட்டுக் குதிரையைக் காட்டிக் கேட்டாள்: "அந்தக் குதிரையை எடுக்கட்டா?"

டொக்டர் குதிரையை எடுத்துக் கொடுத்தார். பேனையை மறுபடி கையில் எடுத்து அவள் சொன்ன எல்லாவற்றையும் எழுதினார். அந்த அறையில் வெட்கப்பட்டவள் நான் ஒருத்திதான்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில், எதையும் செய்து காட்டாமலே, அவளுக்கு ஒரு முழுச் சொக்லேட் கிடைத்தது. கோடை விடுமுறைக்கு முன்னரே துணையாளுக்கான சம்மதக் கடிதமும் வந்தது.

துணையாளாக வந்தவர் அதிகம் பேசாத, உயரமான ஒரு பெண். அந்தக் குளிர்காலத்தில் ஒரு மத்தியானம் மகளைக் கூட்டிவரப் போனேன். வகுப்புக்கு வெளியே ஜாக்கெட்டுகள் தொங்கும் இடத்தில் ஒரே இரைச்சல். ஆசிரியை உரத்துக் கேட்டார்: "சிப் பூட்ட யாருக்கு உதவி வேண்டும்?"

பாதி வகுப்பு கை தூக்கியது. என் மகளும் வலது கையை நன்றாக உயர்த்தித் தூக்கினாள். துணையாள் வேறொரு பிள்ளையின் முன்னால் முழங்காலில் இருந்து அதன் சிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மகள் என்னைக் கண்டாள். ஓடி வரவில்லை. அவ்வளவு சத்தத்துக்குள்ளும் வரிசையில் மூன்றாவதாகப் போய் நின்றாள்.

ஓடிப்போய்ப் பூட்டிவிட என் கை துடித்தது. இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, அவளுடைய முறை வரும்வரை நின்றேன்.