சாணத்தைக் குத்திப் பார்த்தவர்

அன்று கொட்டகையில் இருந்தது நான், என் மனைவி, பசு, அதன் கிடாரிக் கன்று, போளூரிலிருந்து மலையேறி வந்த மாட்டுத் தரகர், இவ்வளவுதான். வயிறு முட்டப் புல் தின்றும் பசு இளைத்துக்கொண்டே போனது. கன்றும் வளரவில்லை. செத்துத் தொலைத்துவிடுமோ என்ற பயத்தில் வந்த விலைக்குத் தள்ளிவிட நினைத்திருந்தேன்.

தரகர் ஒல்லியான ஆள், கையில் மூங்கில் குச்சி. பல்லைப் பார்க்கவில்லை, மடியைத் தொடவில்லை. எங்கே போனாலும் முதலில் சாணத்தைத்தான் குத்திப் பார்ப்பாராம்.

"இன்னாய்யா, வரட்டியாட்டம் கெட்டியா கெடக்குது! நாரு நாரா வருது பாரு. மாட்டுக்கு நோவு இல்ல, உன் புல்லுலதான் சத்து இல்ல."

"இடுப்பு உசரம் வளந்துருக்குதுங்களே," என்றாள் மனைவி.

"அதாம்மா தப்பு. மழ தள்ளிப்போவுது, வெயிலு கொளுத்துது. புல்லு அவசரமா கதிர் வுட்டு தண்டாயிடுது. அத்தப் போட்டா தொடப்பம் தின்ன மாதிரிதான். கதிர் வர்றதுக்கு முன்னாலயே அறுங்க, புண்ணாக்கு வைங்க."

"அப்ப மாட்ட வாங்கலீங்களா?" என்றேன்.

"வாங்குனா லாபம் எனக்குத்தான். இந்த வாயி சும்மா இருக்குதா?"

மறுநாள் பேருந்தில் ஒரு மூட்டை கடலைப் புண்ணாக்கு ஏற்றி அனுப்பியிருந்தார்.

பசு தேறிவிட்டது. ஆனாலும் இன்றைக்குக் கதிர் வந்திருக்குமோ என்று தினமும் இரண்டு முறை ஓடிப் போய்ப் பார்க்கிறேன். தரகில் பிழைக்கிறவர் ஏன் அப்படிச் செய்தார் என்று இன்னும் விளங்கவில்லை. சந்தையில் மூன்று வாரம் தேடியும் ஆளைக் காணோம். மூட்டைக்கு நான் தர வேண்டியது இரண்டாயிரத்து நானூறு ரூபாய்.