செத்தவன் வரைந்த கிடாய்

பாதி பிளேடை இரண்டு விரல்களுக்கிடையில் பிடித்து, படத்தின் வலது கீழ்மூலையை மெல்லச் சுரண்டுகிறார் ராஜமணி அண்ணாச்சி. சுரண்டிய தூளை உதட்டைக் குவித்து ஊதுகிறார். ஓர் ஓவியன் காலமாகிறான். "இனி இது ஊர்ச்சொத்து" என்று அறிவித்துவிட்டு, படத்தை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகிக்கொள்கிறார்.

கோவில்பட்டியில் அண்ணாச்சிக்குச் சின்னதாக ஒரு தீப்பெட்டி ஆபீஸ். குச்சியும் மருந்தும் எல்லாரிடமும் ஒன்றுதான். பெட்டியை விற்றுக் கொடுப்பது மேலே ஒட்டுகிற லேபிள். அதற்கு ஆள் வைத்துப் படம் வரைவது வீண் என்பது அவர் கொள்கை. ஒருமுறை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்துவந்த வக்கீல், வரைந்தவன் இறந்து அறுபது வருடம் கழிந்தால் படத்தை யாரும் அச்சடிக்கலாம் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அண்ணாச்சிக்குச் சாவில் தனிப் பிரியம். பழைய பேப்பர் கடையில் பழியாய்க் கிடக்கிறார். துக்கம் கேட்கப் போன வீட்டில் சுவர்க் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்ததும் உண்டு.

அறுபது வருடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்? முகர்ந்து பார்த்து.

"புகைவாடை காட்டிக் கொடுத்துரும்யா. இந்தக் கரியப் பாரும். வரைஞ்சவன் எலும்புகூட மிஞ்சியிருக்காது."

பருத்திமார் விறகு எரிக்கிற அடுப்படியில் இரண்டு வருடம் தொங்கினால் எந்தப் படமும் அப்படித்தான் கறுக்கும். அதை அவரிடம் சொல்லிப் பயனில்லை. மூலையில் ஓவியன் பெயர் இருந்தால் பிளேடு. அடியில் அச்சாபீஸ் பெயர் இருந்தால் கத்தரி. ஆராய்ச்சி முடிந்தது.

அப்படிப் பேப்பர் கடைக் குப்பையில் அகப்பட்டதுதான் சலங்கை கட்டிய கிடாய்ப் படம். அதை ஒட்டிய பெட்டி வடக்கே பிய்த்துக்கொண்டு போனது. அங்கே யாரும் எழுத்தைப் படித்து வாங்குவதில்லை. தலைக்கு மேல் இரண்டு விரலைக் கொம்பாக வைத்துக் காட்டித்தான் கேட்கிறார்களாம். கிடாயால்தான் ஆபீஸ் நிமிர்ந்தது.

ஒருநாள், சட்டையெல்லாம் பெயிண்டாக ஒருவர் உள்ளே வந்தார்.

"இது நான் வரைஞ்சது அண்ணாச்சி. எங்க வீட்டுக் கிடா. வலது காது கிழிஞ்சிருக்கு பாருங்க, நாய் கடிச்சது. வேற ஒண்ணும் கேக்கல. எம் பேரை மட்டும் மூலையில போட்டிருங்க."

"இத வரைஞ்சவன் செத்து அறுவது வருசமாச்சுவே."

"நான்தான் உசுரோட நிக்கேனே!"

"நிக்கீரு. அதுக்கு நான் என்ன செய்ய?"

"எம் பேரு..."

"செத்தவன் பேரு எனக்கு எதுக்கு? போம்வே, சோலி கெடக்கு."

லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். யாரைப் பார்த்து என்று அண்ணாச்சி விசாரிக்கவில்லை.

சென்ற மாதம் சாத்தூர்க்காரர் ஒருவர் அதே கிடாயை, அதே கிழிந்த காதோடு அச்சடித்து வடக்கே ஏற்றிவிட்டார். அண்ணாச்சியின் பண்டல்கள் திரும்பி வரத் தொடங்கின.

"களவாணிப்பய! அடுத்தவன் படத்த எடுத்துப் போடுதானே, கூச்சநாச்சம் வேண்டாமா?"

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. நேரே போய்ப் பழைய வக்கீலைக் கோர்ட் வாசலில் மடக்கினார்.

"ஊர்ச்சொத்துன்னா அவரும் போடலாம்லா?" என்றார் வக்கீல். "வரைஞ்சவரு உயிரோட இருந்து, உங்களுக்குன்னு எழுதிக் குடுத்தாத்தான் தடுக்க முடியும்."

"இருக்காரு! குத்துக்கல்லாட்டம் இருக்காரு!"

"பேரு?"

அண்ணாச்சி வாயைத் திறந்தார். திறந்தபடியே ஆபீசுக்குத் திரும்பினார்.

"ஏட்டி பாண்டியம்மா, அன்னைக்கு ஒரு பெயிண்டரு வந்தாவல்லா, தங்கமான மனுசன், அவிய பேரு என்ன? எந்த ஊரு?"

பாண்டியம்மாள் பசைக் கையை எடுக்காமலே சொன்னாள். "சொல்லத்தான் வந்தாவ. நீங்கதான் செத்தவன் பேரு எதுக்குன்னு வெரட்டிட்டிய. இனிமே சுடுகாட்டுலதான் விசாரிக்கணும் அண்ணாச்சி."

மறுபடி சிரிப்பு. இந்த முறை விசாரிக்க வேண்டியிருக்கவில்லை.

அண்ணாச்சி மேஜைக் கண்ணாடியைத் தூக்கி அசல் கிடாயை உருவினார். ஜன்னலோரம் போய், வலது கீழ்மூலையை வெயிலுக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடினார். பிளேடு போன இடத்தில் தாள் நைந்து ஓட்டையாகியிருந்தது. ஓட்டை வழியே சாத்தூர் ரோடு துலக்கமாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.