நான் கால் வைத்ததும் கோயிலான காடு

இன்று காலை ஆரப்பாளையத்தில் அரிவாளோடு பஸ் ஏறினேன். கண்டக்டர் தள்ளியே நின்று டிக்கெட் கொடுத்தார்.

சமயநல்லூர் தாண்டி, கருவேலங்காட்டுக்குள் ஒரு பழைய கோயில் இடிந்து கிடக்கிறது. என் வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமைதோறும் போய் முள் வெட்டி, வாசல் வரை வழி செய்திருந்தார். உள்ளே என்ன சாமி என்று பார்க்காமலே மூன்று மாதத்துக்கு முன் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மீதி முள்ளை நான் வெட்டினேன். ஆடு மேய்க்கிறவர் டிரான்சிஸ்டரை அணைத்துவிட்டு ஓடி வந்தார்.

"ஏத்தா, தாலியறுத்து வருசம் திரும்பல. கோயிலுக்குள்ள போகலாமா?"

"அண்ணே, ஒங்க ஆடு அம்புட்டும் உள்ளதான படுத்துக் கெடக்கு. நேத்து வரைக்கும் காடுன்னீங்க. நான் கால வச்சதும் கோயிலாயிருச்சா?"

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு ஆடுகளை வெளியே விரட்டினார்.

உள்ளே அம்மன் இருந்தாள். அவள் கழுத்திலும் ஒன்றுமில்லை. விளக்கேற்றி, "வழி வெட்டினது அவருதான் தாயி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உங்கள் பக்கம் காடாகிப்போன கோயில் இருந்தால் சொல்லுங்கள். நான் கால் வைத்தால் போதும், கோயிலாகிவிடும்.